லோகோ நம்மிடம் இருக்கிறது, திறப்பு யாரிடம் இருக்கிறது?

 

கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலை, பள்ளிவாசல், கோயில், விளையாட்டுக் கழகம், மரண உதவிச் சங்கம், கடை என்று எதற்காவது காசு கொடுத்து ஒரு லோகோ செய்து வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். டிசைன் தொழில் செய்யும் தம்பி தங்கைகளும் வாசியுங்கள். உங்கள் பக்கத்து நியாயமும் இதில் இருக்கிறது.

தெமோதரைப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் படிப்பிக்கிறோம். போன தவணை தரம் 4 வகுப்பில் ல, ள, ழ வேறுபாடு நடந்துகொண்டிருந்தது. ஒலி, ஒளி, ஒழி என்று மூன்றையும் கரும்பலகையில் எழுதி, ஒன்று சத்தம், ஒன்று வெளிச்சம், ஒன்று இல்லாமல் போ என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது ஒரு பெண்பிள்ளை எழும்பினாள்.

"சேர், நம்ம பெட்ஜ்ல மூணாவது ஒழிதான் போட்டிருக்கு சேர்."

வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். பிறகு அவளுடைய பெட்ஜைக் கழற்றி வாங்கிப் பார்த்தோம். சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் பாடசாலையின் மகுட வாசகம் "அறிவே ஒளி". இலச்சினையின் அடியில் இருக்கும் ரிப்பனில் எறும்பு அளவு எழுத்தில் "அறிவே ஒழி" என்று இருந்தது. 9 வருடமாக அப்படியே இருந்திருக்கிறது. கடிதத் தலைப்பில், சான்றிதழில், பரிசளிப்பு விழா அழைப்பிதழில், வாசற்பலகையில் என்று எல்லா இடத்திலும். எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம், ஒருவர்கூட வாசிக்கவில்லை. 9 வயதுப் பிள்ளைதான் வாசித்தாள்.

அதிபர் அமைதியாகத்தான் சொன்னார். "ஒரு எழுத்துத்தானே. பதுளைக்குப் போற யாராவது மாத்திட்டு வாங்க."

அந்த ஒரு எழுத்தை மாற்ற எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. எதனால் என்பதைத்தான் எழுத வந்தோம்.

*

முதலில் எங்களிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஜேபெக் படம். அச்சகத்தில் இருந்த தம்பி அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். எழுத்தெல்லாம் படிக்கட்டு மாதிரி உடைந்து நின்றது. "சேர், இது போட்டோ. இதுல எழுத்தை மாத்த ஏலாது. ஒரிஜினல் பைல் இருக்கா?" என்று கேட்டார்.

ஆசிரியர்கள் என்பதால் இதைக் கணிதக் கொப்பியை வைத்தே விளங்கிக்கொண்டோம். சதுரக்கோட்டுத் தாளில் கட்டம் கட்டமாக நிறம் தீட்டி ஒரு வட்டம் செய்யலாம். அதைப் பெரிதாக்கினால் கட்டங்கள்தான் பெரிதாகும். ஜேபெக், பிஎன்ஜி இரண்டும் அந்த வகை. இன்னொரு வழி, "கவராயத்தை இந்த இடத்தில் ஊன்று, இத்தனை சென்ரிமீற்றர் ஆரையில் வட்டம் போடு, பச்சை நிறம் கொடு" என்று எழுதி வைப்பது. அந்தக் குறிப்பு இருந்தால் பெட்ஜ் அளவிலும் வரையலாம், 10 அடி பெனரிலும் வரையலாம், விளிம்பு உடையாது. நிறத்தை மாற்ற வேண்டும் என்றால் குறிப்பில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். டிசைன் செய்பவர்கள் வெக்டர் என்று சொல்வது இதைத்தான்.

அந்த ஒரிஜினல் பைலைத் தேடினோம். ஓய்வு பெற்றுப் போன ஓர் ஆசிரியரின் பழைய பென்டிரைவில் கிடைத்தது. சீடிஆர், அதாவது கோரல்ட்ரோ கோப்பு. சந்தோசமாகக் கொண்டுபோனோம். அந்தக் கடையில் திறக்கவில்லை. வரைந்தவர் புதிய பதிப்பில் சேமித்திருக்கிறார், கடையில் இருப்பது அதைவிடப் பழைய பதிப்பு. கோரல்ட்ரோவில் பழைய பதிப்பின் கோப்பைப் புதியதில் திறக்கலாம், புதியதைப் பழையதில் திறக்க முடியாது. சேமிக்கும்போதே பழைய பதிப்புக்கு ஏற்றபடி சேமிக்க அதற்குள் வசதி இருக்கிறது. யாரும் அப்படிச் செய்யவில்லை, செய்யும்படி நாங்களும் கேட்கவில்லை.

இன்னொரு கடையில் திறந்தது. திறந்ததும் ரிப்பனில் "அறிவே ஒழி" கூட இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ கிடந்தது. வரைந்தவர் பயன்படுத்திய எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. "பாமினியைப் போட்டா வாசிக்க வரும் சேர். ஆனா எழுத்து வேற மாதிரி இருக்கும், ரிப்பன்ல உட்காராது" என்றார் கடைக்காரர். போட்டுப் பார்த்தார். உட்காரவில்லை.

வரைந்தவரைத் தேடினோம். வெளிநாட்டில் வேலைக்குப் போய்விட்டார், பழைய இலக்கம் வேலை செய்யவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டோம். நாங்கள் கேட்டது லோகோ, அவர் தந்ததும் லோகோதான். வீட்டைக் கட்டித் தரச் சொல்லிவிட்டுத் திறப்பைக் கேட்டு வாங்காமல் வந்தது நாங்கள்.

*

இதிலிருந்து எங்களுக்கு வந்த கருத்து இதுதான். வரைந்தவர் எந்த மென்பொருளில் வரைந்தாரோ அந்தக் கோப்பையே கொடுத்துவிடுவது போதாது. நாளைக்கு அதை யார், எந்தக் கணினியில் திறந்து, எதைத் திருத்தப் போகிறார் என்று யோசித்துத்தான் கோப்பு வகையைத் தெரிவு செய்ய வேண்டும். அதையும் வேலை தொடங்கும் முன்னரே இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

கலாசாலையில் படித்த காலத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த பாடம், கரும்பலகையில் எழுதுவது கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்பது. முன் வாங்குப் பிள்ளைக்குத் தெரிவதை வைத்துத் திருப்திப்படக் கூடாது. கொழும்பில் புதிய மென்பொருளோடு இருப்பவர் முன் வாங்கு. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய கணினியோடு பெனர் அடிப்பவர் கடைசி வாங்கு. எங்கள் வேலை கடைசியில் போய்ச் சேருவது அவரிடம்தான்.

எங்களுக்கு விளங்கிய வரையில் ஒவ்வொன்றையும் சொல்கிறோம்.

சீடிஆர்: இலங்கையில் அச்சகங்களில் அதிகம் புழங்குவது. வரைந்தவருக்கு வசதியானது. ஆனால் அது ஒரே கம்பனியின் வடிவம், பதிப்புக்குப் பதிப்பு மாறுவது. இதை வாங்குங்கள், ஆனால் இதை மட்டும் வாங்காதீர்கள். பழைய பதிப்புக்கு இறக்கிச் சேமித்த ஒரு பிரதியும் கேளுங்கள்.

ஏஐ: இப்போது எல்லோரும் பேசும் அந்த ஏஐ இல்லை, அடோப் இலஸ்ட்ரேட்டர் கோப்பின் வால்பெயர். சேமிக்கும்போது பீடிஎப் உடன் பொருந்தும் என்ற தெரிவை விட்டு வைத்தால் வேறு மென்பொருளிலும் ஓரளவு திறக்கும். அந்தத் தெரிவை எடுத்துவிட்டுச் சேமித்தால் இலஸ்ட்ரேட்டர் இல்லாதவருக்கு ஒன்றுமே கிடைக்காது.

இபிஎஸ்: 1980களில் வந்த பழைய ஆள். ஸ்டிக்கர் வெட்டும் மெஷின்காரர்கள் சிலர் இன்னும் கேட்பார்கள். ஒளி ஊடுருவும் நிழல், மங்கல் போன்றவற்றை அது தாங்காது. மைக்ரோசொப்ட் ஒபிஸில் இபிஎஸ் படம் நுழைப்பதைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி நிறுத்திவிட்டார்கள். கேட்பவருக்கு மட்டும் கொடுக்கலாம்.

பீடிஎப்: 1993 இல் அடோப் கொண்டுவந்தது. 2008 இல் ஐஎஸ்ஓ தரமாகி, ஒரு கம்பனியின் கையை விட்டுப் பொதுவானது. எந்தக் கடையிலும் திறக்கும், போனிலும் திறக்கும். அச்சகத்தின் நான்கு மை நிறக் கணக்கையும் தாங்கும். அச்சுக்குக் கொடுக்க இதைவிடப் பாதுகாப்பானது இல்லை.

எஸ்விஜி: இணையத்துக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய அமைப்பான டபிள்யூ3சி 2001 இல் வெளியிட்ட திறந்த தரம். உள்ளே இருப்பது வெறும் எழுத்து. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளின் சொந்த வடிவமும் இதுதான். இலஸ்ட்ரேட்டரும் கோரல்ட்ரோவும் திறக்கும். இணையத்தளத்துக்கும் நேரே போடலாம். குறை என்னவென்றால் இது திரையின் நிறமுறையைச் சேர்ந்தது, அச்சு மைக் கணக்கைச் சரியாகச் சுமக்காது. சில மென்பொருளில் திறக்கும்போது அளவும் மாறலாம். அதனால் அகல உயரத்தைத் தனியே எழுதி வாங்குங்கள்.

பிஎன்ஜி: பின்னணி இல்லாத படம். வேர்ட் கடிதத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் போட. இது திருத்துவதற்கு இல்லை, பயன்படுத்துவதற்கு.

கேடயத்தில் லேசரால் பொறிப்பவர் டிஎக்ஸ்எப் கேட்கலாம். டீசர்ட்டில் நூலால் தைப்பவருக்கு வேறு கோப்பு, அது தையல் தையலாக எழுதப்பட்டது. அவர்களும் நல்ல வெக்டர் கோப்பு ஒன்று இருந்தால் அதிலிருந்து தங்களுக்குத் தேவையானதைச் செய்துகொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜேபெக் படத்தை பீடிஎப்புக்குள்ளோ எஸ்விஜிக்குள்ளோ ஒட்டிச் சேமித்தால் அது வெக்டர் ஆகிவிடாது. வால்பெயரைப் பார்த்து ஏமாறாமல் திறந்து நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு கூர்மையாகவே இருந்தால் சரி. கட்டம் கட்டமாக உடைந்தால் அது போட்டோதான்.

*

இனி தமிழுக்கென்று இருக்கும் தனிப் பிரச்சினை. ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டிகளில் இது இருக்காது.

இலங்கையில் தமிழ் அச்சு வேலை நீண்ட காலம் பாமினி முறை எழுத்துருக்களில்தான் நடந்தது. இன்றும் நடக்கிறது. "தமிழ்" என்று வர பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகளை அழுத்துவோம். திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ அந்த நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும்தான். எழுத்துரு என்ற முகமூடி விழுந்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். எங்கள் ரிப்பனில் நடந்தது அதுதான். இதில் ழ-வுக்கு ஓ விசை, ள-வுக்கு எஸ் விசை. 9 வருடத்துக்கு முன் யாரோ ஒரு விசையை மாற்றித் தட்டியதன் விளைவைத்தான் எங்கள் பிள்ளைகள் நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தார்கள்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து டிசைனர்கள் எழுத்துகளை எல்லாம் கேர்வ் ஆக்கிக் கொடுத்துவிடுவார்கள். அதாவது எழுத்தை எழுத்தாக வைக்காமல் கோட்டு வடிவமாக மாற்றிவிடுவது. எந்தக் கணினியிலும் எழுத்துரு இல்லாமலே சரியாகத் தெரியும். அச்சுக்கு அது மிக நல்லது. ஆனால் அதன்பிறகு "ழி" ஒரு எழுத்து இல்லை, ஒரு வளைந்த படம். அழித்துவிட்டு "ளி" என்று தட்ட முடியாது.

பீடிஎப்பிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. எழுத்துரு அதற்குள்ளேயே பொதிந்து வருவதால் பார்க்கும்போது தமிழ் அழகாகத் தெரியும். ஆனால் பொதுவாக, பயன்படுத்திய எழுத்துகள் மட்டும்தான் உள்ளே போகும். "ளி" எங்கும் வராத கோப்பில் "ளி" உள்ளே இருக்காது. தமிழ் பீடிஎப்பைத் திருத்தத் திறந்தால் சொல் துண்டு துண்டாகி, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று கிடப்பதையும் அச்சகத்தில் வேலை செய்தவர்கள் கண்டிருப்பார்கள். படத்தின் வடிவத்தைத் திருத்த பீடிஎப் உதவும், தமிழ்ச் சொல்லைத் திருத்த அதை நம்ப முடியாது.

ஆகவே தமிழ் உள்ள எந்த வேலைக்கும் இரண்டு பிரதி வேண்டும். ஒன்று, எழுத்துகள் யூனிகோடில் உயிரோடு இருக்கும் பிரதி. இது திருத்துவதற்கு. மற்றது, எழுத்துகள் கேர்வ் ஆக்கப்பட்ட பிரதி. இது அச்சிடுவதற்கு. ஒன்றைத் தந்து மற்றதைத் தராமல் விட்டால் பாதி வேலைதான் கையில் வந்திருக்கிறது.

எழுத்துருவின் பெயரையும் எழுதி வாங்குங்கள். முடிந்தால் திறந்த உரிமத்தில் உள்ள எழுத்துருவிலேயே செய்யச் சொல்லுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான், மீரா இனிமை போன்றவற்றை யாரும் இலவசமாக இறக்கலாம், கோப்போடு சேர்த்தே கொடுக்கலாம், உரிமத் தகராறு வராது.

*

எங்கள் இலச்சினையைக் கடைசியில் புதிதாக வரைந்தது எங்களிடம் படித்த பழைய மாணவன் ஒருவன். லயத்துப் பிள்ளை. உயர்தரம் முடித்து, கைமாறிய ஒரு மடிக்கணினியில் இங்க்ஸ்கேப் பழகி, இப்போது கல்யாண அட்டை, கடைப் பலகை என்று வரைந்து கொடுக்கிறான். மூன்று இரவு உட்கார்ந்து பழைய படத்தின் மேல் கோடு கோடாக வரைந்தான். பிஎன்ஜியும் அச்சுக்கான பீடிஎப்பும் அனுப்பினான். திருத்தக்கூடிய கோப்பும் வேண்டும் என்றதும் தயங்கினான்.

"கோவிக்காதீங்க சேர். ஒரு கடைக்காரருக்கு ஒருதடவை எல்லா பைலையும் குடுத்தேன். அடுத்த மாசம் அதை வச்சு வேற ஆள்கிட்ட பாதி விலைக்கு வேலை வாங்கிட்டாங்க. என் வேலையை வச்சே என் வயித்துல அடிச்சாங்க சேர்."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் "ஒரு லோகோதானே தம்பி" என்று சொல்லியே இந்தப் பிள்ளைகளின் கூலியைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். கொழுந்து எடுப்பவருக்கு நிறுவையில் கிலோ குறைத்தால் பேசுகிறோம். கணினியில் உட்கார்ந்து மூன்று இரவு விழித்தவனுக்குக் கூலி குறைத்தால் அதை யாரும் குறை என்றே நினைப்பதில்லை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், வரைந்த படைப்புக்குப் பதிவு செய்யாமலே பாதுகாப்பு உண்டு. அதனால் "காசு கொடுத்தோம், எல்லாம் எங்களுடையது" என்று வாயால் சொல்லி முடித்துவிட முடியாது.

இரு தரப்புக்கும் நியாயமான வழி ஒன்றுதான் இருப்பதாக நினைக்கிறோம். திருத்தக்கூடிய கோப்புக்குத் தனியாக ஒரு விலை சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன் சொல்லுங்கள். அச்சுக்கான கோப்பு மட்டும் என்றால் இவ்வளவு, மூலக் கோப்போடு என்றால் இவ்வளவு. யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அவன் கேட்டதை அபிவிருத்திக் குழு குறைக்காமல் கொடுத்தது.

எல்லா வேலைக்கும் இது தேவை என்று சொல்ல வரவில்லை. கல்யாண அட்டை ஒரு நாளோடு முடிந்தது. பிறந்தநாள் பெனர் அடுத்த நாள் மழைக்குக் கூரையில் கிடக்கும். அதற்கெல்லாம் மூலக் கோப்புக் கேட்டு ஒரு பிள்ளையைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. ஆனால் இலச்சினை, கொடி, சான்றிதழ் மாதிரி, ஊர் வரைபடம் இவை வேறு. வரைந்தவரும் வரையச் சொன்னவரும் போன பிறகும் இருக்க வேண்டியவை. ஒரு நிறுவனத்தின் பெயரில் இருப்பது அமானிதம். இன்று பொறுப்பில் இருப்பவர் நாளைக்கு வருபவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியது.

"நாங்கள் கென்வாவில் செய்துவிட்டோம், லிங்க் இருக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். கென்வா நல்லது, நாங்களும் பாவிக்கிறோம். ஆசிரியர்களுக்கு இலவசமாகத் தரும் வசதியும் அதில் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது? அந்த டீச்சருக்கு மொனராகலைக்கு இடமாற்றம் வந்தால் லோகோவும் அவரோடு பஸ் ஏறிவிடும். சாதாரண இலவசக் கணக்கில் எஸ்விஜியாக இறக்கவும் முடியாது. லிங்க் என்பது இன்னொருவர் வீட்டில் வைத்திருக்கும் சாமான். இறக்கி எடுத்து உங்கள் அலுமாரியில் வைத்தால்தான் உங்களுடையது.

"எங்களுக்கு அந்தக் கோப்பைத் திறக்கவே தெரியாது, வாங்கி என்ன செய்ய?" என்றும் கேட்கலாம். காணி உறுதியை நாம் எல்லோரும் வாசித்து விளங்கிக்கொண்டா பெட்டியில் வைத்திருக்கிறோம்? தேவைப்படும் நாளில் வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதற்குத்தானே.

*

எங்கள் ஊரில் இருந்து எல்லப் பக்கம் போனால் ஒன்பது வளைவுப் பாலம். 1921 இல் கட்டி முடித்தது. இன்று உலகமே வந்து படம் எடுக்கிறது. அந்தப் பாலம் எப்படிக் கட்டப்பட்டது என்பதை வரைபடங்களோடு ஓர் அறிக்கையாக 1923 இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கம் அச்சிட்டு வெளியிட்டது. தாளில் அச்சடித்தது என்பதால் 100 வருடம் கழித்தும் கண் இருக்கிற எவரும் அதை வாசிக்கலாம்.

9 வருடத்துக்கு முன் கணினியில் வரைந்த எங்கள் இலச்சினையை எங்களால் திறக்க முடியவில்லை.

இது எங்கள் ஒரு பாடசாலைக் கதை இல்லை. ஒரு காலத்தில் தமிழ்ப் புத்தகங்களும் பாடசாலை மலர்களும் பேஜ்மேக்கரில்தான் பக்கம் கட்டப்பட்டன. அதன் கடைசிப் பதிப்பு 2001 இல் வந்த 7.0. அதே கம்பனியின் இன்றைய இன்டிசைன் அந்தக் கோப்புகளைத் திறப்பதில்லை. ப்ரீஹேன்ட் என்று ஒரு வரைகலை மென்பொருள் இருந்தது. அதை வைத்திருந்த மக்ரோமீடியாவை அடோப் 2005 இல் வாங்கியது, 2007 இல் ப்ரீஹேன்டை வளர்ப்பதை நிறுத்திவிட்டது. பழைய டைப் 1 எழுத்துருக்களுக்கான ஆதரவையும் அடோப் 2023 ஜனவரியில் நிறுத்தியது. கம்பனிகள் மீது கோபப்பட்டுப் பயனில்லை, அவர்கள் வியாபாரம் செய்கிறார்கள். ஆனால் ஒரு கம்பனியின் பெட்டிக்குள் மட்டும் நமது ஊரின் நினைவைப் பூட்டி வைத்தால், அவர்கள் கடையை மூடும் நாளில் நமது சாமானும் உள்ளேயே இருந்துவிடும். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் தளத்தில் பழைய பாடசாலை மலர்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டிருப்பதைப் பார்க்கிறோம். அந்தச் சேவை இல்லாவிட்டால் பலவற்றைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டோம். இனிச் செய்யும் மலர்களையாவது அந்த நிலைக்கு விடாமல் இருப்போம்.

*

பதிவு நீண்டுவிட்டது. செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம்.

லோகோ செய்யக் கொடுப்பவர்கள் முதல் நாளே கேட்க வேண்டியவை:

1. வரைந்த மூலக் கோப்பு, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்ற விபரத்தோடு.
2. தமிழ் யூனிகோடில் உயிரோடு இருக்கும் எஸ்விஜி ஒன்று.
3. எழுத்துகள் கேர்வ் ஆக்கப்பட்ட பீடிஎப் ஒன்று.
4. பின்னணி இல்லாத பெரிய பிஎன்ஜி ஒன்று.
5. எழுத்துருப் பெயர், நிற எண்கள், அகல உயரம் எழுதிய ஒரு சின்னக் குறிப்பு.

வாங்கிய அன்றே வேறு ஒரு கணினியில் திறந்து பாருங்கள். வரைந்தவரின் கணினியில் திறப்பது பரீட்சை இல்லை. பிறகு மூன்று இடத்தில் வையுங்கள்: அலுவலகக் கணினி, ஒரு பென்டிரைவ், பாடசாலையின் பெயரில் உள்ள மின்னஞ்சல். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

எங்கள் பழைய மாணவன் கோப்புகளைக் கொடுக்க வந்த அன்று ஆசிரியர் அறையில் ஒரு வேலை செய்து காட்டினான். எங்கள் கணினியில் வரைகலை மென்பொருள் எதுவும் இல்லை. புதிய இலச்சினையின் எஸ்விஜியைச் சாதாரண நோட்பேடில் திறந்தான். எண்களும் குறிகளுமாக ஓடிய வரிகளுக்கு நடுவில், கரும்பலகையில் எழுதிய மாதிரித் தெளிவாக "அறிவே ஒழி" என்று தமிழில் இருந்தது.

"வேணும்னுதான் பழைய மாதிரியே விட்டுட்டு வந்தேன் சேர். நீங்களே மாத்துங்க" என்றான்.

தரம் 4 இல் இருந்து அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டோம். யூனிகோட் விசைப்பலகையில் "ளி" எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தோம். தேடித் தேடி அழுத்தினாள். சேமித்துத் திறந்தோம். ரிப்பனில் "அறிவே ஒளி" என்று வந்தது.

மூன்று வாரம் அலைந்த வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. அந்த எழுத்தை எங்கள் பாடசாலையில் இருக்கும் எவரும் இனித் திருத்தலாம், நாங்கள் இடமாறிப் போன பிறகும். காசு கொடுத்து வாங்கியது உண்மையில் அதைத்தான்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் சங்கத்தின், கடையின் லோகோக் கோப்பைத் தேடிப் பாருங்கள். வாட்ஸ்அப் படம் மட்டும்தான் கிடைக்கிறது என்றால், வரைந்தவர் இன்னும் ஊரில் இருக்கும்போதே போய் மரியாதையாகக் கேளுங்கள். அவர் விலை சொன்னால் பேரம் பேசாமல் கொடுங்கள்.

அப்படியே அதில் எழுதியிருப்பதை ஒருமுறை எழுத்துக் கூட்டி வாசித்தும் பாருங்கள்.